துரை ஒன்பது மணிக்குத் தனியாக வந்தார்

கம்பி வேலியின் கதவருகே ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. விடியும்போதுதான் மழை விட்டிருந்தது. வேலியின் மேல் கம்பியில் ஏழெட்டுப் பஞ்சுருட்டான்கள் உட்கார்ந்து ஈர இறக்கையைச் சிலிர்த்துக்கொண்டிருந்தன. என் கணவர் அவற்றை அண்ணாந்து பார்த்தபடி நின்றதில், தன் முறை வந்ததைக் கவனிக்கவில்லை.

சோதனை போட்ட கான்ஸ்டபிள் புதியவன். வழக்கமாக நிற்கிறவன் என்றால் சட்டையைத் தட்டிப் பார்த்து, தண்ணீர்ப் பாட்டிலை மோந்து பார்த்து விட்டுவிடுவான். இவன் சட்டைக்குள் கைவிட்டு நீல அட்டை நோட்டு ஒன்றை உருவினான். புரட்டினான். தமிழ் அவனுக்குத் தெரியாது. ஆனால் எண்கள் எல்லாருக்கும் ஒன்றுதானே. மணி, வெட்டு நம்பர் அதாவது தோட்டத்தில் எந்தப் பகுதி, எத்தனை என்ற கணக்கு. பக்கம் பக்கமாக அதுதான் இருந்தது.

“இது என்ன?” என்று மலாயில் கேட்டான்.

“பூரோங்” என்றார் என் கணவர். பறவை.

கான்ஸ்டபிள் சிரிக்கவில்லை.

அரைமணி நேரத்தில் ஜீப் வந்தது. நான் பள்ளிக்கூட வாசலில் சாக்கட்டியும் கையுமாக நின்றிருந்தேன். இரண்டு பேருக்கு நடுவில் அவரை உட்கார வைத்தார்கள். அவர் என்னைப் பார்த்து, “வாளி ரெண்டும் கதவுகிட்ட இருக்கு ராசம்மா, எடுத்து உள்ள வச்சுரு” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வேலி வந்த வருஷம்

இந்தத் தொடரில் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன். அதைச் சுற்றி வேலி வந்ததைப் பற்றி எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

பத்தாங் பெர்ஜுந்தைக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்த ரப்பர்த் தோட்டம் எங்களுடையது. மலாயாவில் வெள்ளைக்கார ஆட்சி அவசரகாலம் அறிவித்து இரண்டு மூன்று வருஷத்தில், தொழிலாளர் குடியிருந்த தூரத்து லயங்களைப் பிரித்து எல்லாரையும் ஒரே இடத்தில் குடிவைத்தார்கள். சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். காட்டுக்குள் போன கம்யூனிஸ்ட்டுகளுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. ஒரு பிடி அரிசிகூடக் கதவைத் தாண்டக் கூடாது. சாயந்திரம் குறிப்பிட்ட மணிக்குமேல் ஆளும் தாண்டக் கூடாது.

வேலிக்கு வெளியே கண்ணுக்குத் தடையாக எதுவும் இருக்கக் கூடாதென்று பலாவும் மாவும் மூங்கிலும் வெட்டிச் சாய்த்தார்கள். மறுநாளே மாங்குயில் சத்தம் நின்றுபோனது. தினமும் என் சன்னலோரம் பாடிய குண்டுக் கரிச்சானும் காணாமல் போனது.

ஆனால் வெட்டவெளியானதும் வேறு பறவைகள் வந்தன. கீச்சான் வந்து முள்ளில் வெட்டுக்கிளியைக் குத்தி வைத்துத் தின்றது. பருவத்துக்குப் பருவம் எங்கிருந்தோ வருகிற பஞ்சுருட்டான்கள் எங்கள் வேலியைத் தங்களுக்கென்றே போட்டதுபோல எடுத்துக்கொண்டன. எங்களை அடைத்துவைத்த கம்பி அவற்றுக்கு உட்கார இடமானது. இதை முதலில் கவனித்தவர் என் கணவர்தான்.

நீல அட்டை நோட்டு

அவர் பெயர் வேலாயுதம். பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். ஆறாம் வகுப்புவரை படித்தவர். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டு வருஷம்தான். டீச்சரைக் கட்டிக்கொண்டதால் கையெழுத்தைத் திருத்திக்கொள்கிறார் என்று லயத்தில் கேலி செய்வார்கள்.

ஒருநாள் கேட்டேன். “எதுக்குங்க இதெல்லாம் எழுதுறீங்க?”

“நாம எத்தனை மணிக்குப் போறோம், எத்தனை மணிக்கு வர்றோம்னு கதவுல ஒருத்தன் எழுதுறான்ல? அவன் நம்மளை எழுதட்டும். நான் இதுங்களை எழுதுறேன்.”

எழுபது வகைக்குமேல் சேர்த்திருந்தார். அத்தனைக்கும் பெயர் தெரியாது. செம்போத்து, மீன்கொத்தி, மரங்கொத்தி, கருடன் என்று ஊர்ப்பேர் தெரிந்தவை கொஞ்சம். மெர்போக், தியோங் என்று மலாய்க்காரர்கள் சொல்லித் தெரிந்தவை கொஞ்சம். மற்றவற்றுக்கு அவரே பெயர் வைத்தார்.

வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு வயல்வரப்பில் அளந்து அளந்து நடக்கிற கொக்குக்குத் தோட்டத்துக் கணக்கரைப்போலக் கிராணி என்று பெயர். விடியுமுன் ஊரையே எழுப்புகிற ஒரு பழுப்புக் குருவிக்கு, ஆட்களை வேலைக்கு ஓட்டுகிற மேற்பார்வையாளரின் பெயர், மண்டோர். பொழுது சாய்கிற நேரத்தில் ஆணி அடிப்பதுபோல டொக் டொக் என்று கூப்பிடுகிற பக்கிக்கு ஆசாரி. இருவாச்சிக்குக் கொம்பன்.

கொம்பனை அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு நான் பிறந்த உலு யாம் ஞாபகம் வரும். மலையோரத் தோட்டம் அது. இருவாச்சி தலைக்குமேல் போனால் இறக்கைச் சத்தம் ரயில் மூச்சு விடுவதுபோல இருக்கும். நாங்கள் பிள்ளைகள் குடிசைக்குள் ஓடிவிடுவோம். இந்தத் தோட்டத்துக் கொம்பன்கள் சின்னவை. இரண்டிரண்டாகத்தான் வரும். ஒன்றைவிட்டு ஒன்று போகாது.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்ட மரம். அதன் உச்சியில் வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, சாம்பல் இறக்கையோடு பெரிய கழுகு ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கும். யாரையும் சட்டை பண்ணாது. கீழே குனிந்து பார்ப்பதுகூட நம்மை வேலைக்குக் கணக்கெடுப்பதுபோல இருக்கும்.

அதற்கு அவர் வைத்த பெயர் துரை.

புல்தரையில்

அவரைக் கொண்டுபோன மூன்றாம் நாள் கோலசிலாங்கூர் போலீஸ் நிலையத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நோட்டைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் படித்துப் பார்த்து, வார்த்தை புரிகிறது, பொருள் புரியவில்லை என்று கைவிரித்துவிட்டாராம்.

பெரிய கிராணி பாஸ் எழுதிக் கொடுக்கும்போது தலை நிமிரவில்லை. “டீச்சர், உள்ளதைச் சொல்லிட்டு வந்துருங்க. வீணா எதையும் மறைக்காதீங்க” என்றார். ஒரு மாதத்துக்கு முன் அதே பாலத்தருகே பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் காரைக் கம்யூனிஸ்ட்டுகள் சுட்டிருந்தார்கள். துரை பிழைத்தார். காவலுக்குக் கூடப் போன இரண்டு மலாய்க் கான்ஸ்டபிள்கள் செத்துப்போனார்கள். அந்தப் பேச்சு இன்னும் அடங்கவில்லை.

நிலையத்து வாசல் புல்தரையில் இரண்டு உடல்களைக் கிடத்தியிருந்தார்கள். காட்டில் கம்யூனிஸ்ட்டுகளைச் சுட்டுக் கொண்டுவந்தவை. போகிற வருகிறவர்கள் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டும் என்பதற்காக முகத்தை மூடாமல் விட்டிருந்தார்கள். ஈயும் கார்பாலிக் நெடியும்.

நான் பார்க்காமல் போகத்தான் நினைத்தேன். ஒரு சின்னப் பையனின் முகம் கண்ணில் பட்டது. பதினெட்டு, பத்தொன்பது வயதுச் சீனப் பையன். வலது முழங்காலுக்குக் கீழே துணி சுற்றிக் கட்டியிருந்தது. கறைபிடித்து மண்நிறமாகிவிட்ட துண்டு. ஓரத்தில் மட்டும் நிறம் தெரிந்தது. சிவப்பு நூல் ஒரு வரி, நீல நூல் ஒரு வரி.

அந்த ஓரத்தைத் தைத்தவள் நான். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன் துண்டு ஆற்றோடு போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு என் கணவர் வீட்டுக்கு வந்தார். ஒரு துண்டைக் காப்பாத்தத் தெரியலையா என்று அவரைக் கடிந்துகொண்டேன்.

நிற்காமல் நிலையத்துக்குள் போனேன்.

ஒவ்வொரு வரியாக

உள்ளே ஒரு வெள்ளைக்கார அதிகாரி. என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர் போலிருந்தார். தூங்காத கண். மேசையில் நோட்டு திறந்து கிடந்தது. சில வரிகளைச் சுற்றிச் சிவப்புப் பென்சில் வட்டம்.

பக்கத்தில் நின்ற மலாய் சார்ஜண்டின் பெயர் ஹருன். ஐம்பது வயதை நெருங்கியவர். சுங்கை செம்பிலாங்கில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் மலாயில் சொல்வதை அவர் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

“உட்காருங்க, சிக்கு” என்றார். டீச்சரை மலாய்க்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

முதல் வட்டம்: கொம்பன் இரண்டு, வடக்கேயிருந்து வந்தது, ஆறு நாற்பது, பதினாலாம் வெட்டு. நான் சொன்னதும் சார்ஜண்ட், “எங்காங்” என்று தலையாட்டினார்.

கிராணி ஆறு பேர், வயல் பக்கம். “பாங்காவ்” என்றார். ஆசாரி என்றதும் நான் மேசையில் விரலால் தட்டிக் காட்டினேன். அவர் முகத்தில் சிரிப்பு வந்து போனது. “எங்க ஊர்லயும் அதுக்குத் தச்சன்னுதான் பேரு.”

அதிகாரி சிரிக்கவில்லை. அடுத்த வட்டத்தைக் காட்டினார். அந்த வரியை நான் வாய்விட்டுப் படித்தேன்.

“துரை ஒன்பது மணிக்குத் தனியாக வந்தார். பாலத்துப் பக்கம். அரைமணி இருந்தார்.”

படித்த பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே உறைத்தது. வெள்ளைக்காரத் துரையை வேவு பார்த்து எழுதிய குறிப்பு மாதிரி இருந்தது.

“அது கழுகு” என்றேன். “பெரிய வெள்ளைக் கழுகு. வெளையாட்டுக்கு அப்படிப் பேர் வச்சார்.”

“பறவை வந்தார் என்றா எழுதுவார்கள்?” அதிகாரி குரலை உயர்த்திக் கேட்டதைச் சார்ஜண்ட் மலாயில் சொன்னார். ‘வந்தார்’ மரியாதைச் சொல் என்று மொழிபெயர்ப்பாளர் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

“துரைன்னா வந்தார்னுதான் எழுதணும். எங்க பழக்கம் அப்படி.”

அதிகாரி கடைசி வட்டத்தில் பென்சிலை வைத்தார். நான் வரியைப் பார்த்தேன்.

காட்டுக்கோழி ஒன்று. இருபத்திரண்டாம் வெட்டு, காட்டோரம். கால் காயம். தண்ணி குடுத்தேன்.

தேதி, துண்டு ஆற்றோடு போன நாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காட்டிலிருந்து வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும் வருஷக்கணக்கில் சிறை. இல்லையென்றால் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள், அவர் கண்ணால்கூடப் பார்த்திராத ஊருக்கு. இந்த மனுஷன் அதை எழுதி வைத்திருக்கிறார். எழுதாமல் இருக்க முடியாமல் எழுதியிருக்கிறார்.

வரியை உள்ளபடியே படித்தேன். “காட்டுக்கோழி. காலில் அடி. தண்ணீர் கொடுத்திருக்கிறார்.”

சார்ஜண்ட் ஹருன் உடனே மொழிபெயர்க்கவில்லை. “காட்டுக்கோழியா?” என்று மலாயில் என்னிடம் கேட்டார். “அது மனுசனைக் கிட்ட விடுமா, சிக்கு?”

“காயம்பட்டா விடும்.”

அவர் சன்னல் வழியாக வெளியே பார்த்தார். அங்கிருந்து புல்தரை தெரியும். பிறகு அதிகாரியிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். காட்டுக்கோழி என்றுதான் சொன்னார்.

பாலம்

அதிகாரி ஒரு முடிவுக்கு வந்தார். மறுநாள் ஒன்பது மணிக்குப் பாலத்துக்குப் போவது. துரை வருகிறாரா பார்ப்பது.

லோரியில் ஆறு கான்ஸ்டபிள்களோடு என்னையும் ஏற்றிப் போனார்கள். பட்ட மரம் வெறுமையாக நின்றது. ஆற்றுச் சேறு வெயிலில் மினுங்கியது. மீன்கொத்தி ஒன்று சிரிப்பதுபோலக் கத்திக்கொண்டு குறுக்கே பறந்தது. ஒன்பதானது. ஒன்பதே காலும் ஆனது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு பறவை வராவிட்டால் என் கணவர் கதி என்ன? நோட்டைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் புரட்டினேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. துரை ஒருநாள் ஒன்பதுக்கு வந்திருக்கிறார். மறுநாள் ஒன்பதே முக்கால். அதற்கு மறுநாள் பத்தரை. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஒன்பது.

“சார்ஜண்ட், இதைப் பாருங்க. ஒவ்வொரு நாளும் முக்கால் மணி தள்ளிப் போகுது.”

கடற்கரையில் பிறந்த மனிதருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விரலால் ஒவ்வொரு மணியாகத் தொட்டுப் பார்த்தார். “நீர் வத்தி ஏறுற நேரம் லா இது! இந்தக் கழுகை எங்க ஊர்ல சிப்பிக்கு அடிமைன்னு சொல்வோம். தண்ணி திரும்புறதைச் சிப்பிகளுக்குக் கத்திச் சொல்லுமாம்.” அதிகாரியிடம் போய் நின்று ஆங்கிலத்தில் விளக்கினார். எந்தத் தோட்டத்துத் துரையும் கடல்நீரைப் பார்த்துக் கார் ஓட்டுவதில்லை என்று அவர் சொன்னது எனக்குப் புரிந்தது.

“இன்றைக்கு எப்போது?” என்றார் அதிகாரி.

சார்ஜண்ட் சரிவில் இறங்கிச் சேற்றையும் தண்ணீரையும் பார்த்தார். “பத்து மணிக்குமேல.”

பத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து வாத்து கத்துவதுபோல ஒரு குரல். அகல இறக்கையை ஆட்டாமல் அசைக்காமல் அது வந்தது. தனியாகத்தான் வந்தது. காலில் மீன். பட்ட மரத்தில் உட்கார்ந்து எங்களைக் குனிந்து பார்த்தது. கான்ஸ்டபிள்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அதிகாரி தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். நான் பாலத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

லோரிக்குத் திரும்பும்போது சார்ஜண்ட் ஹருன் என் பக்கத்தில் நடந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“காயம்பட்டாலும் காட்டுக்கோழி கிட்ட விடாது, சிக்கு. எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.”

நான் நின்றுவிட்டேன்.

“நடங்க. நிக்காதீங்க.” சற்று தூரம் போய்ச் சொன்னார்: “இந்தப் பாலத்துல செத்த ரெண்டு பேரும் என் ஆளுங்க. ஒருத்தன் என் அக்கா மகன். காட்டுல இருக்கிறவங்க மேல எனக்கு இரக்கம் கிடையாது. ஆனா தண்ணி கேட்டவனுக்கு உங்க புருசன் தண்ணி குடுத்தான். அதை நான் எழுத மாட்டேன். இனி செய்யாம பார்த்துக்கங்க.”

அந்த மனிதரை நான் அப்புறம் பார்க்கவே இல்லை. நன்றி என்ற ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டது இன்றுவரை உறுத்துகிறது.

இரண்டு பாட்டில்

பதினெட்டு நாளுக்குப் பிறகு அவரை விடுதலை செய்தார்கள். நோட்டைத் திருப்பித் தரவில்லை. அவர் இளைத்துப் போயிருந்தார். என்ன நடந்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது இரண்டு பாட்டிலில் தண்ணீர் நிரப்பினார். வழக்கமாக ஒன்றுதான்.

“ஏங்க ரெண்டு?”

“வெயிலா இருக்கு.”

வெயில் இல்லை. தூறிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டாம் வெட்டில் வைத்துவிட்டு வரப்போகிறார் என்று புரிந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் மனுஷன் தூக்குக் கயிற்றில் போய்த் தலையைக் கொடுப்பார். சொல்லிவிட்டேன்.

“அந்தப் பையன் இல்லைங்க. போலீஸ் வாசல்ல கிடத்தியிருந்தாங்க. கால்ல நம்ம துண்டு.”

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். “முகத்தைப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“சுருட்டை முடியா?”

“ஆமா.”

“ஆயர், ஆயர்னுதான் கேட்டான். தண்ணி. வேற ஒரு வார்த்தை பேசல.” ஒரு பாட்டிலைக் கவிழ்த்து முற்றத்தில் ஊற்றினார். மற்றதை எடுத்துக்கொண்டு, விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனார்.

அந்த மாதக் கடைசியில் எங்கள் தோட்டத்துத் துரை எங்களைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. போலீஸ் பிடித்துப் போன ஆளை வைத்துக்கொள்ள முடியாது, ஜெராம் பக்கம் தென்னந்தோட்டம் ஒன்றில் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். வெளியே வரும்போது, “அந்தப் பறவை அழகானதா?” என்று கேட்டார். “ரொம்ப அழகுங்க தொரை” என்றார் என் கணவர்.

சேற்றுக் கரை

தென்னந்தோட்டத்திலிருந்து கடற்கரை நடந்து போகிற தூரம். அங்கே வேலி இல்லை. மழைக்காலம் தொடங்கியதும் வடக்கே எங்கிருந்தோ உள்ளான்கள் வந்து இறங்கின. பத்து நூறு இல்லை. நீர் வற்றிய சேறு முழுக்க, நகர்கிற சேறாகவே அவை தெரிந்தன. வளைந்த மூக்கு, மேல் நோக்கி நிமிர்ந்த மூக்கு, ஊசி மூக்கு, கரண்டிபோல நுனி பரந்த மூக்கு என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அவற்றுக்கு நடுவே நாரைகள் கிழவர்களைப் போல நின்றன.

அவர் பறவைகளை நிமிர்ந்து பார்த்தே மாதக்கணக்காகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வலுக்கட்டாயமாக அழைத்துப் போனேன். கடையில் வாங்கிய புது நோட்டு ஒன்று என் கைப்பையில் இருந்தது.

“இத்தனை தினுசு இருக்கே. இதுங்களுக்கு என்ன பேரு வைக்கலாம்?” என்றேன்.

“பேரு வைக்க வேணாம், ராசம்மா.”

“ஏங்க?”

“பறவைக்கு மனுசன் பேரை வச்சேன். அது வெளையாட்டு, போகட்டும். ஒரு மனுசனை நான் கோழின்னு எழுதிட்டேனே.” தன் வலது கையைப் பார்த்தார். “தண்ணி குடுத்த கையாலயே எழுதினேன். செத்துக் கிடந்தப்பவும் அவன் அந்த நோட்டுல கோழியாத்தானே இருந்தான்.”

அந்த வரியை நான் எப்படிப் படித்தேன், என்ன சொன்னேன் என்று அவர் அதுவரை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

“நானும் அப்படித்தானே வாசிச்சேன்” என்றேன். “வெளிய அவன் கிடக்குறான். பாத்துட்டுத்தான் உள்ள போனேன். கோழின்னு வாய் கூசாம சொன்னேன்.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்கள் நடமாடுகிற இடத்தில், எங்கள் முப்பத்தெட்டு வருஷ வாழ்க்கையில், அவர் அப்படிச் செய்தது அந்த ஒரு தடவைதான். நீர் ஏறத் தொடங்கியது. சேறு சுருங்கச் சுருங்கப் பறவைகள் எங்களை நோக்கி நெருங்கி வந்தன. கடைசித் திட்டும் முழுகியபோது எல்லாம் ஒன்றாக எழும்பின. நாங்கள் எண்ணவில்லை.